லூயி பிரெயில்: ஆறு புள்ளிகளும் எமது மருந்து உறைகளும்

ஆண்டுதோறும் ஜனவரி மாதம் 4 ஆம் திகதி உலக பிரெயில் தினமாக அனுஷ்டிக்கப்படுகின்றது. விழிப்புலனற்றோர் விரலால் தொட்டு வாசிக்கும் எழுத்து முறையை உலகுக்கு அளித்த லூயி பிரெயிலின் பிறந்த தினம் அது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2018 ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தீர்மானத்துக்கு அமைய 2019 ஆம் ஆண்டு முதல் இத்தினம் உலகளாவிய ரீதியில் நினைவுகூரப்பட்டு வருகின்றது. அன்று கூட்டங்கள் நடைபெறும். வாழ்த்துச் செய்திகள் வெளியாகும். மறுநாள் அனைத்தும் மறந்துபோகும். நாமோ அம்மனிதரின் வாழ்க்கையை ஒரு மருந்து உறையைக் கையில் வைத்துக்கொண்டு நினைவுகூர விரும்புகின்றோம். அதற்குக் காரணம் உண்டு.

கொழும்பிலிருந்து அவிசாவளை ஊடாக இரத்தினபுரிக்குச் செல்லும் பிரதான வீதியில், இரத்தினபுரியை அடைவதற்குச் சற்று முன்பாக அமைந்துள்ளது குருவிட்ட. குரு கங்கை பாயும் பிரதேசம். ஒருபுறம் மாணிக்கக்கல் அகழும் குழிகள். மறுபுறம் இறப்பர், தேயிலைத் தோட்டங்கள். மலையகம் என்றதும் நுவரெலியாவையும் ஹட்டனையும் மாத்திரம் எண்ணுவோரின் பார்வையில் சப்பிரகமுவ தோட்டத் தமிழர் அநேகமாகப் படுவதில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் லயங்களில் வாழும் இம்மக்களுக்குத் தமிழ்மொழிப் பாடசாலையும் தூரம். தமிழில் காரியமாற்றும் அரச அலுவலகமும் தூரம்.

அத்தகைய லயம் ஒன்றில் வாழும் மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் காலம் கழித்தவர். நீரிழிவு அவரது பார்வையை மெல்ல மெல்லப் பறித்துவிட்டது. மாதமொருமுறை கிளினிக் சென்று திரும்பும்போது அவரது பையில் ஐந்தாறு சிறிய காகித உறைகள் இருக்கின்றன. நீரிழிவுக்கு ஒன்று, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என ஒவ்வோர் உறையின் மேலும் பேனாவால் அவசரமாக எழுதப்பட்ட சில கிறுக்கல்கள். அவை பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகள். பார்வையுள்ள அயலவருக்கே விளங்காத அந்த எழுத்து, பார்வையற்ற அவருக்கு வெறும் காகிதம். காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது என்பதை அறிய, பாடசாலை சென்ற பேரப்பிள்ளை வீடு திரும்பும்வரை அவர் காத்திருக்க வேண்டும். பிள்ளையின் கை தவறினால் நீரிழிவு மாத்திரை இருமுறை உள்ளே போகும். இரத்தத்தில் சீனியின் அளவு திடீரெனக் குறைந்து மயங்கி விழ நேரும். இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை ஒரு வாரம் தவறினால் அதன் விளைவு பாரிசவாதமாகவும் முடியலாம்.

இது தோட்டத்துக்கு மாத்திரம் உரிய துயரமன்று. இரத்தினபுரி நகரில் வாழும் பார்வை குன்றிய முஸ்லிம் பெரியவர் ஒருவர் ரமழான் மாதத்தில் நோன்பு நோற்க விரும்புகின்றார் என்று வைத்துக்கொள்வோம். வைத்தியர் மாத்திரைகளின் நேரத்தை ஸஹருக்கும் நோன்பு திறக்கும் வேளைக்கும் ஏற்ப மாற்றிக் கொடுக்கின்றார். பழைய உறையில் ஒன்று, புதிய உறையில் வேறொன்று. எதை எப்போது எடுப்பது என்பதற்கு அவருக்குப் பிறர் கண்ணே கதி.

மருந்தைக் கொடுத்துவிட்டோம் என்று வைத்தியசாலை எண்ணுகின்றது. ஆனால் மருந்து என்பது மாத்திரை மாத்திரமன்று. அதன் பெயரும் அளவும் நேரமும் சேர்ந்ததே மருந்து. அவற்றைத் தானாக அறிய முடியாதவரின் கையில் பாதி மருந்தே சேர்ந்திருக்கின்றது. இந்த உண்மையை விளங்கிக்கொள்ள, இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்த ஒரு தொழிலாளியின் மகனிடம் நாம் செல்ல வேண்டியுள்ளது.

பாரிஸ் நகருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீற்றர் தொலைவில் உள்ள கூவ்ரே என்னும் கிராமத்தில் 1809 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் திகதி லூயி பிரெயில் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை சிமோன் ரெனே பிரெயில் குதிரைகளுக்கான சேணமும் கடிவாளமும் செய்யும் தோல் தொழிலாளி. மூன்று வயதுச் சிறுவனாகத் தந்தையின் பட்டறையில் விளையாடிக் கொண்டிருந்தபோது, தோலைத் துளைக்கும் கூரிய கருவியொன்று லூயியின் கண்ணில் பாய்ந்தது. நோய்க்கிருமிகளைப் பற்றி எவரும் அறிந்திராத காலம் அது. காயம்பட்ட கண்ணிலிருந்து மறு கண்ணுக்கும் பாதிப்பு பரவி, ஐந்து வயதாகும்போது இரு கண்களும் முற்றாக ஒளியிழந்தன.

அக்காலத்தில் பார்வையிழந்த ஏழைப் பிள்ளையின் எதிர்காலம் பெரும்பாலும் தெருவோரத்தில் கையேந்துவதாகவே இருந்தது. லூயியின் பெற்றோர் அதனை ஏற்கவில்லை. தந்தை பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அடித்து, மகனின் விரலைப் பிடித்துத் தடவச் செய்து எழுத்தறிவித்தார். ஊர்க் குருவானவரும் பாடசாலை ஆசிரியரும் துணை நின்றனர். பார்வையுள்ள பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, காதால் கேட்டே பாடங்களை மனதில் பதித்துக்கொண்ட அச்சிறுவன் வகுப்பில் முன்னணியில் திகழ்ந்தான். 1819 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், பத்து வயதில், பாரிஸில் இயங்கிய பார்வையற்ற இளைஞர்களுக்கான அரச கல்வி நிலையத்தில் அவனுக்கு இடம் கிடைத்தது.

அந்நிலையத்தை 1785 ஆம் ஆண்டளவில் நிறுவியவர் வலன்டீன் அவூய் என்னும் கனவான். பார்வையற்றோரும் கல்வி கற்கலாம் என்பதை ஐரோப்பாவுக்கு நிரூபித்துக் காட்டியவர் அவர். சாதாரண அச்செழுத்துகளைத் தடித்த தாளில் புடைப்பாக அழுத்தி நூல்களை உருவாக்கினார். எண்ணம் உயர்ந்தது, ஆயினும் வழியில் ஒரு குறை இருந்தது. அவ்வெழுத்துகள் கண்ணுக்கென்று பிறந்தவை. வளைவும் நெளிவும் கொண்ட அவ்வடிவங்களை விரல் ஒவ்வொன்றாகத் தடவித் தேட வேண்டியிருந்தது. ஒரு வரியை முடிப்பதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடும். நூல்களோ தூக்க முடியாத பாரம். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்முறையில் மாணவன் தன் கையால் எதையும் எழுத இயலாது. பிறர் அச்சிட்டுத் தருவதை வாசிக்கலாம். தன் மனதில் உள்ளதைக் குறித்துக்கொள்ள வழியில்லை.

1821 ஆம் ஆண்டில் ஷார்ல் பார்பியே என்னும் முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி ஒருவர், தாம் உருவாக்கிய புள்ளி எழுத்து முறையொன்றை அந்நிலையத்துக்குக் கொண்டுவந்தார். பாடசாலை செல்ல வாய்ப்பற்ற ஏழைகளும் பார்வையற்றோரும் இலகுவாக எழுதப் பழக வேண்டும் என்பது அவரது அவா. எழுத்துக்கூட்டல் ஏதுமின்றி ஒலிகளுக்குப் புடைத்த புள்ளிகளை அவர் அமைத்திருந்தார். கோடுகளையும் வளைவுகளையும்விடப் புள்ளி விரலுக்கு எளிது என்பதை மாணவர்கள் உடனே உணர்ந்தனர். எனினும் ஓர் ஒலிக்கு இரு நிரைகளில் 12 புள்ளிகள் வரை தேவைப்பட்டன. விரல் நுனியில் அது அடங்கவில்லை. நிறுத்தற்குறி இல்லை, எண்கள் இல்லை, சொற்களைப் பிழையின்றி எழுதவும் வழியில்லை.

அப்போது லூயிக்கு வயது 12. விடுமுறையில் ஊர் சென்றபோதும், விடுதியில் மற்றையோர் உறங்கிய பின்னரும் அவர் புள்ளிகளை இடம் மாற்றிக் குத்திக் குத்திப் பார்த்தார். அவருக்குக் கிடைத்த விடை எளிமையானது. நிரையொன்றுக்கு மூன்று வீதம் இரு நிரைகளில் ஆறே ஆறு புள்ளிகள். விரலை அசைக்காமலே ஓர் எழுத்து முழுவதையும் ஒரே தொடுகையில் உணரலாம். அந்த ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 வெவ்வேறு வடிவங்களை அமைக்கலாம். எழுத்து, எண், நிறுத்தற்குறி, இசைக் குறியீடு அனைத்துக்கும் அது போதுமானது. 1824 ஆம் ஆண்டில், 15 வயதில், அவரது முறை பெரும்பாலும் உருப்பெற்றுவிட்டது. 1829 ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டார். 1837 ஆம் ஆண்டில் திருத்திய பதிப்பு வந்தது; முதற் பதிப்பில் புள்ளிகளோடு கலந்திருந்த கோடுகள் அதில் நீக்கப்பட்டன. அதே ஆண்டில் பிரான்ஸ் நாட்டு வரலாற்றுச் சுருக்க நூலொன்று பிரெயில் எழுத்தில் அந்நிலையத்தில் அச்சிடப்பட்டது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவூய் நல்லவர், பார்பியேயும் நல்லவர். இருவரும் பார்வையற்றோருக்கு உதவவே முயன்றனர். ஆயினும் இருவருக்கும் பார்வை இருந்தது. விரலுக்கு எது இயலும், எது இயலாது என்பதைத் தன் விரலாலேயே அறிந்த ஒருவர் வரும்வரை அந்தப் பிரச்சினைக்கு முழுமையான தீர்வு கிடைக்கவில்லை.

பிரெயில் தாம் கற்ற நிலையத்திலேயே ஆசிரியரானார். வரலாறு, கணிதம், இசை முதலியவற்றைக் கற்பித்தார். சிறந்த ஓகன் வாத்தியக் கலைஞராகப் பாரிஸ் தேவாலயங்களில் இசைத்தார். பார்வையுள்ளோரும் பார்வையற்றோரும் கடிதத் தொடர்பு கொள்வதற்காக, புள்ளிகளால் சாதாரண எழுத்து வடிவங்களை அமைக்கும் மற்றொரு முறையை 1839 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பார்வையற்ற நண்பரான பியர் பூக்கோ அதற்கென ஓர் எழுத்துப் பொறியை உருவாக்கினார். தமது சிறிய வருமானத்திலிருந்து வறிய மாணவர்களுக்கு அவர் உதவி வந்ததாக அவரை அறிந்தோர் குறித்து வைத்துள்ளனர்.

ஆனால் அவரது எழுத்துக்கு வரவேற்பு எளிதில் கிடைக்கவில்லை. 1840 ஆம் ஆண்டில் நிலையத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்த டூஃபோ, பார்வையற்றோர் பார்வையுள்ளோரின் எழுத்தையே கற்க வேண்டும், தனி எழுத்து அவர்களைச் சமூகத்திலிருந்து பிரித்துவிடும் என்று கருதினார். பிரெயில் எழுத்து வகுப்பறையிலிருந்து விலக்கப்பட்டது. மாணவர்களோ அதனைக் கைவிடவில்லை. ஆசிரியர்கள் அறியாமல் ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டனர், நாட்குறிப்பு எழுதினர், கடிதம் பரிமாறினர். தாமே எழுதித் தாமே வாசிக்கும் சுதந்திரத்தைச் சுவைத்தவர்களிடமிருந்து அதனைப் பறிப்பது எவருக்கும் இயலாத காரியம். துணைத் தலைவர் ஜோசப் குவாதே இதனை உணர்ந்து டூஃபோவின் மனதை மாற்றினார். 1844 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நிலையத்தின் புதிய கட்டடத் திறப்பு விழாவில் பிரெயில் முறை மக்கள் முன்னிலையில் செய்து காட்டப்பட்டு மீண்டும் இடம் பெற்றது.

அதற்குள் பிரெயிலின் உடல்நிலை மோசமடைந்திருந்தது. இளமையிலேயே பற்றிய காசநோய் அவரை ஆண்டுக்கணக்கில் வாட்டியது. 1852 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆம் திகதி, 43 ஆவது பிறந்த தினம் கழிந்து இரு நாட்களில், அவர் காலமானார். அவர் வாழ்ந்த நிலையம் 1854 ஆம் ஆண்டில் அவரது முறையை உத்தியோகபூர்வமாக ஏற்றுக்கொண்டது. 1878 ஆம் ஆண்டு பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு அதனை ஏனைய நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. நூற்றாண்டு நினைவாக 1952 ஆம் ஆண்டில் அவரது உடலின் எச்சங்கள் பிரான்ஸ் தன் மேன்மக்களை அடக்கம் செய்யும் பந்தியன் மண்டபத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டன. அவரது கைகளின் எச்சங்கள் மாத்திரம் பிறந்த ஊரான கூவ்ரேயிலேயே வைக்கப்பட்டன.

ஐரோப்பாவில் பிறந்த அந்தப் புள்ளிகள் எம்மிடமும் வந்து சேர்ந்தன. இலங்கையில் 1912 ஆம் ஆண்டு மேரி சாப்மன் அம்மையார் தொடங்கிய செவிப்புலன், விழிப்புலனற்றோருக்கான பாடசாலை பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. வடக்கில் கைதடி நஃபீல்ட் பாடசாலையும் சுன்னாகப் பகுதியில் உள்ள வாழ்வகமும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவ்வெழுத்தைக் கொண்டு சென்றன. தொடக்கத்தில் தென்னாசிய மொழிகளுக்குப் பல்வேறு பிரெயில் முறைகள் இருந்தமையால் குழப்பம் நிலவியது. முதலாம் உலகப் போரில் பார்வையிழந்த நியூசிலாந்துக்காரரான சேர் குளூதா மெக்கன்சி முன்னின்று உழைத்ததன் பயனாக, யுனெஸ்கோ நிறுவனத்தின் ஆதரவில் 1951 ஆம் ஆண்டு பெய்ரூட் நகரில் நடைபெற்ற மாநாட்டில் ஆசிய, அரபு மொழிகளின் பிரெயில் எழுத்துகள் ஒரு சீருக்குக் கொண்டுவரப்பட்டன.

அதன் விளைவு எமது நாட்டினர் அனைவரும் சிந்திக்கத்தக்கது. ஆறு புள்ளிகளில் இடப்பக்கத்து மேற்புள்ளி ஒன்று மாத்திரம் புடைத்திருந்தால், தமிழில் அது அகரம். சிங்களத்திலும் அதுவே முதல் உயிரெழுத்து. அரபு மொழியில் அதுவே அலிப். ஆங்கிலத்தில் அதுவே ஏ. வலமிருந்து இடமாக எழுதப்படும் அரபு மொழியும் பிரெயிலில் இடமிருந்து வலமாகவே வாசிக்கப்படுகின்றது. திருக்குர்ஆனும் பிரெயில் எழுத்தில் அச்சிடப்பட்டு, பார்வையற்ற முஸ்லிம்களால் விரலால் ஓதப்படுகின்றது. மொழியின் பெயரால் பெரும் துயரை அனுபவித்த இந்நாட்டில், கண்ணுக்கு வேறுபட்ட எழுத்துகள் விரலுக்கு உறவாக இருக்கின்றன.

இனி மருந்து உறைக்கு வருவோம். பிரெயிலின் புள்ளிகள் நூலகத்தோடு நின்றுவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட பணிப்புரையின்படி, மருந்துப் பெட்டியின் வெளிப்புறத்தில் மருந்தின் பெயர் பிரெயில் எழுத்தில் பொறிக்கப்பட வேண்டும் என்பது சட்டமாயிற்று. மருந்தோடு வரும் விளக்கத் துண்டும், விழிப்புலனற்றோரின் அமைப்புகள் கோருமிடத்து, அவர்களுக்கு ஏற்ற வடிவில் கிடைக்கச் செய்யப்பட வேண்டும். ஐரோப்பிய மருந்துப் பெட்டியொன்றைக் கையில் எடுப்பவர் அதில் சிறு முத்துகள் போலப் புடைத்திருக்கும் புள்ளிகளை உணரலாம். ஐக்கிய அமெரிக்காவிலும் 2012 ஆம் ஆண்டின் சட்டமொன்றுக்கு அமைய, மருந்துக் குப்பிகளின் துண்டுகளை விழிப்புலனற்றோர் அறியக்கூடியதாக்கும் நடைமுறைகள் 2013 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. பெரிய எழுத்து, பிரெயில், பேசும் துண்டு ஆகிய மூன்றும் அவற்றில் அடங்கும்.

ஐரோப்பியச் சட்டத்தை அப்படியே பிரதிசெய்தால் எமது பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீராது. அதற்கு இரு காரணங்கள் உண்டு.

முதலாவது, எமது அரச வைத்தியசாலைகளில் பெரும்பாலும் மருந்துப் பெட்டி நோயாளியின் கைக்கு வருவதே இல்லை. பெரிய கொள்கலனிலிருந்து மாத்திரைகள் எண்ணப்பட்டுக் காகித உறையில் இடப்படுகின்றன. பெட்டியில் எத்தனை புள்ளிகள் பொறித்தாலும் அவை மருந்தாளரின் மேசையோடு நின்றுவிடும். இங்கே பேராசிரியர் சேனக பிபிலேயை நாம் நன்றியுடன் நினைவுகூர வேண்டும். 1971 ஆம் ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமானவர் அவர். வர்த்தகப் பெயர்களுக்குப் பதிலாக மருந்தின் இரசாயனப் பெயரால் குறைந்த விலைக்கு மொத்தமாகக் கொள்வனவு செய்யும் வழியைக் காட்டி, ஏழையின் வாசலுக்கு மருந்தைக் கொண்டுவந்தார். அக்கொள்கையின் பயனை இன்றும் நாம் அனுபவிக்கின்றோம். ஆயினும் கேள்விப்பத்திரத்துக்கு ஏற்ப உற்பத்தி நிறுவனம் மாறும்போது, அதே மருந்தின் வடிவமும் பருமனும் நிறமும் மாறுகின்றன. சென்ற மாதம் வட்டமாக இருந்த மாத்திரை இம்மாதம் நீள்வட்டமாக வரும். தடவிப் பார்த்து அடையாளம் வைத்திருந்த பார்வையற்றவரின் விரல் ஏமாந்து போகின்றது. ஆகவே எமது நாட்டில் மருந்தை அறிய எஞ்சியிருக்கும் ஒரே அடையாளம் அந்த உறைதான். பிபிலே மருந்தை ஏழைக்கு எட்டச் செய்தார். அதன் பெயரையும் அளவையும் எட்டச் செய்யும் பணி இன்னும் எஞ்சியுள்ளது.

இரண்டாவது காரணம் மேலும் முக்கியமானது. முதுமையில் பார்வையிழந்த தோட்டத் தொழிலாளி பிரெயில் கற்றவரல்லர். நீரிழிவாலும் கண் அழுத்த நோயாலும் ஐம்பது, அறுபது வயதில் பார்வையை இழப்பவர்களின் விரல்கள் புதிய எழுத்தைக் கற்பது கடினம். நீரிழிவு விரலின் உணர்வையும் மங்கச் செய்யும். பால் வெட்டிக் காய்ப்பேறிய விரலுக்கு நுண்ணிய புள்ளிகள் எட்டாமலும் போகலாம். அதிக மருந்து தேவைப்படுவோரும் பிரெயில் அறியாதோரும் பெரும்பாலும் ஒரே மனிதர்களாகவே இருக்கின்றனர்.

அப்படியாயின் பிரெயில் எமக்குப் பயனற்றவரா? அல்லர். அவர் உலகுக்கு விட்டுச்சென்ற செல்வம் ஆறு புள்ளிகள் மாத்திரமன்று. பயன்படுத்துவோரின் புலனுக்கு எது பொருந்தும் என்று முதலில் கேட்க வேண்டும் என்பதே அவரது வாழ்க்கை புகட்டும் பாடம். கண்ணுக்குரிய எழுத்தை விரல்மீது திணித்தவர்கள் தோற்றனர். அதேபோல் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்குரிய உறையை எழுத்தறியாதவர்மீது திணிப்பதும், இப்போது கேளாமலே பிரெயில் புள்ளியைத் திணிப்பதும் அதே தவறாகும். சிலருக்குப் பிரெயில் வேண்டும். சிலருக்குத் தடித்த கறுப்பில் பெரிய எழுத்து போதும். சிலருக்குக் காதில் ஒலிக்கும் குரலே எழுத்து.

செய்யக்கூடியவை பல, அவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. தோட்ட மருந்தகத்திலோ நகரத்துப் பாமசியிலோ பார்வையற்றவர் ஒருவர் வந்து நின்றால், ஒவ்வோர் உறையையும் அவர் கையில் கொடுத்து, அதன் பெயரையும் அளவையும் நேரத்தையும் அவரது மொழியில் சொல்லி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்யலாம். காலை மருந்துக்கு ஒரு இறப்பர் வளையம், இரவு மருந்துக்கு இரண்டு எனச் சுற்றிக் கொடுக்கலாம். இறப்பர் விளையும் மண்ணில் இதற்குப் பஞ்சமில்லை. உறையின் மூலையை வெட்டி அடையாளமிடலாம். உருவில் ஒன்றையொன்று ஒத்திருக்கும் கண் சொட்டு மருந்துக் குப்பிகளையும் இன்சுலின் குப்பிகளையும் இவ்வாறே வேறுபடுத்தலாம். மருந்தாளரின் குரலை நோயாளியின் கைத்தொலைபேசியிலேயே பதிந்து கொடுக்கலாம். வீட்டில் வேண்டியபோது அழுத்திக் கேட்கலாம்.

கைத்தொலைபேசியின் கமராவே அச்செழுத்தை வாசித்துச் சொல்லும் வசதி இன்று வந்துவிட்டது. ஆனால் அவசரப் பேனாக் கிறுக்கலை அதனாலும் சரிவர வாசிக்க இயலாது. ஆகவே உறையில் மருந்தின் பெயரும் அளவும் நேரமும் தெளிவாக அச்சிடப்பட வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் இருத்தல் வேண்டும். இது பார்வையற்றோருக்கு மாத்திரம் பயன் தருவதன்று. தமிழ் மாத்திரம் அறிந்த தொழிலாளிக்கும், கண்ணாடியை மறந்துவந்த முதியவருக்கும், தாய்க்கு மருந்து கொடுக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் அது பயன் தரும். பிரெயில் அறிந்தவருக்கு உறையில் ஒட்டிக்கொள்ளும் பிரெயில் துண்டுகளை மாவட்ட வைத்தியசாலைகளிலேனும் வைத்திருத்தல் பெரும் சுமையாகாது.

இது தர்மமாகக் கேட்கப்படும் சலுகையன்று. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்றே இயற்றப்பட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 ஆம் ஆண்டில் ஏற்று உறுதிப்படுத்தியது. தகவல்களை அணுகும் உரிமையும், ஏனையோருக்குச் சமமான சுகாதார சேவையைப் பெறும் உரிமையும் அச்சமவாயத்தில் உள்ளன. தமிழும் அரச கரும மொழி என்பது 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் முதல் அரசியலமைப்பில் உள்ள விடயம். 2015 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு மருந்துகளின் மேலுறை பற்றி நிபந்தனை விதிக்கும் பொறுப்பும் உண்டு. சட்டங்கள் ஏட்டில் இருக்கின்றன. அவை குருவிட்ட லயத்து மூதாட்டியின் உறை வரை பயணிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பிறர் வாசித்துச் சொன்னால் போதாதா என்று கேட்போர் உளர். லயத்தில் சுவருக்குச் சுவர் காது. உறையை வாசிக்க அயலவரை நாடும் ஒவ்வொரு வேளையும் அம்மூதாட்டியின் நோய் ஊருக்குத் தெரிகின்றது. மன நோய்க்கான மருந்தாயினும், காசநோய்க்கான மருந்தாயினும், பெண்களுக்கே உரிய நோயாயினும் மறைத்துவைக்க அவருக்கு இடமில்லை. தன் நோயைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் மானம் பார்வையுள்ளோருக்கு மாத்திரம் உரியதா?

பாரிஸில் மாணவர்கள் மறைவாகப் புள்ளிகளைக் குத்தியதும் அந்த மானத்துக்காகவே. பிறர் வாசித்துச் சொல்ல அங்கே ஆசிரியர்கள் இருந்தனர். ஆயினும் தமது கடிதத்தைத் தாமே எழுதவும், தமக்கு வந்ததைத் தாமே வாசிக்கவும் அவர்கள் விரும்பினர். அந்த விருப்பத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தவர் ஒரு தோல் தொழிலாளியின் மகன். மாபெரும் கல்விமான்களுக்குத் தோன்றாத விடை, தானே அந்த இருளில் வாழ்ந்தமையால் அவருக்குத் தோன்றிற்று.

அடுத்த கிளினிக் தினத்தில் மருந்து வாங்கும் சாளரத்தின் முன்னால் பார்வை குன்றிய ஒருவர் நிற்கக் கண்டால், அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் நாம் பொறுமையிழக்காமல் இரு நிமிடம் காத்திருப்போம். உள்ளே இருப்பவர் அவரிடம் எந்த அடையாளம் உங்களுக்கு இலகுவானது என்று ஒரு கேள்வி கேட்கட்டும். லூயி பிரெயிலின் நினைவுக்கு நாம் செய்யும் மெய்யான மரியாதை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றது.